வன்னியின் இறுதி வன்னியன்: பண்டாரவன்னியன்

மாணவர்களே, பண்டாரவன்னியனைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் நம்மிற் பலர் எழுதுவது ஒரே மாதிரியாக இருக்கிறது. முதற்பந்தியில் வீரம், அடுத்த பந்தியில் காதல், மூன்றாவதில் காட்டிக்கொடுப்பு, கடைசியில் வீரமரணம். இடையில் ஒரு திகதிகூட இராது. வரலாற்று வினாவிற்கு விடை எழுதுகிறோமா, பாடசாலை மேடைக்கு நாடகம் எழுதுகிறோமா என்பதே தெரியாது. இந்தப் பகுதியில் அவரது வாழ்க்கையை வேறு விதமாகப் படிக்கப் போகிறோம். எது பதிவில் உள்ளது, எது மக்கள் வாய்வழியாக வந்தது, எது பிற்காலத்தில் எழுத்தாளர் சேர்த்தது என்று பிரித்துக்கொண்டே போவோம். அப்படிப் பிரித்தால் அவர் சிறியவராகி விடுவார் என்று பயப்பட வேண்டாம். பதிவில் உள்ளதை மட்டும் எடுத்தாலே போதிய அளவு இருக்கிறது.

முதலில் பெயரைப் பாருங்கள். வன்னியன் என்பது ஆளைக் குறிக்கும் பெயரன்று. வன்னிப் பிரிவு ஒன்றின் தலைவனுக்குரிய பட்டம். பண்டார என்னும் சொல்லும் அப்படித்தான். கண்டி இராச்சியத்தில் அது உயர்குடியினர் தாங்கிய பட்டம். ஆகவே நாம் அவரைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை, பதவி சொல்லியே அழைக்கிறோம். குலசேகரம் வைரமுத்து என்பதே அவரது இயற்பெயர் என்பது வன்னியில் வழங்கும் மரபு. அதை எழுதுவதானால் மரபு என்று குறிப்பிட்டு எழுதுங்கள். அவரது பிள்ளைப் பருவம், கல்வி, குடும்பம் பற்றியெல்லாம் ஆங்கிலேயரின் பதிவுகள் பேசுவதில்லை. தங்களை எதிர்த்த பிறகுதான் அவர்கள் அவரைக் கண்டார்கள்.

வன்னியும் வன்னிமைகளும்

வடக்கே யாழ்ப்பாணக் குடாநாடு, தெற்கே கண்டி அரசனுக்குக் கீழ்ப்பட்ட நுவரகலாவிய. இந்த இரண்டுக்கும் நடுவே கிழக்குக் கடலிலிருந்து மேற்குக் கடல் வரை கிடந்த காடும் குளமும் வயலுமே வன்னி. பனங்காமம், முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை, மேல்பற்று, தென்னமரவாடி எனப் பல பிரிவுகள் இருந்தன. இப்பெயர்களிற் சில இன்றும் நீங்கள் பஸ்ஸில் போகும் ஊர்கள்தாம். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வன்னியன் இருந்தான். யாழ்ப்பாண அரசு பலமாக இருந்த காலத்தில் அதற்குத் திறை கொடுத்தார்கள். அது தளர்ந்தபோது தம் பாட்டில் இருந்தார்கள். அடங்காப்பற்று என்ற பெயர் வன்னிக்கு வந்த காரணத்தை அந்தச் சொல்லே சொல்லி விடுகிறது.

1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தனர். 1658இல் ஒல்லாந்தர் அதனைப் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்தனர். இரு சாராருக்கும் வன்னியிலிருந்து வேண்டியது முக்கியமாக ஒன்றே. அது யானை. வன்னியன்மார் ஆண்டுதோறும் குறித்த தொகை யானைகளைத் திறையாகக் கொடுக்க வேண்டும். பிடித்த யானைகளைக் குடாநாட்டுக்குள் கொண்டு சென்ற வழிதான் ஆனையிறவு. யாழ்ப்பாணத்தில் நடந்த யானை விற்பனைக்கு இந்தியாவிலிருந்து வியாபாரிகள் வந்தனர். காட்டில் யானை பிடிப்பவன் வன்னியான், காசு எண்ணுபவன் ஒல்லாந்தன். திறை ஒழுங்காக வராமல் போனதிலும், நிலுவை ஏறியதிலும், வன்னியன்மார் கண்டியோடு உறவு வைத்ததிலும் ஒல்லாந்தருக்கு ஆத்திரம் வளர்ந்தது.

1782இல் ஒல்லாந்தர் படையனுப்பினர். இந்தப் போர் இரண்டு ஆண்டுகள் இழுத்தது. வன்னியை இலகுவில் விழுங்க முடியவில்லை என்பதற்கு இதுவே சான்று. இந்தப் போரில் கடுமையாக எதிர்த்து நின்றவர்களில் ஒருவர் ஒரு பெண். மரியா செம்பாத்தை என்று எழுதப்பட்டுள்ள வன்னிச்சி அவர். பிடிபட்டபின் அவரைக் கொழும்புக் கோட்டைக்குக் கொண்டுபோய்ச் சிறை வைத்தார்கள். பண்டாரவன்னியனைப் பற்றிய கட்டுரையில் இந்தப் பெண்ணுக்கு ஒரு வசனமாவது ஒதுக்குங்கள். பெரும்பாலான விடைகளில் அவர் இல்லை. பண்டாரவன்னியன் வெற்றிடத்திலிருந்து எழவில்லை, ஏற்கெனவே எரிந்த நெருப்பிலிருந்தே எழுந்தார் என்பதைக் காட்ட அவரே தக்க சான்று.

1784இல் வன்னி ஒல்லாந்தரின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. போரை நடத்திய நாகல் என்னும் படை அதிகாரியே பின்னர் வன்னியின் நிருவாகியாகவும் ஆனார். அவர் 1793இல் வன்னியைப் பற்றி எழுதிய அறிக்கை இன்றைக்கும் வரலாற்றாசிரியருக்குப் பயன்படுகிறது. குளங்கள், நெல், யானை, மக்கள் என்று எல்லாவற்றையும் கணக்கெடுத்தவர் அவர். வன்னியன்மாருக்கு முன்னிருந்த அதிகாரம் இல்லாமற் போனது.

ஆங்கிலேயர் வருகை

1795இல் ஆங்கிலேயர் திருகோணமலை, யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, மன்னார் என்று ஒவ்வொன்றாகப் பிடித்தனர். 1796 பெப்ரவரியில் கொழும்பும் வீழ்ந்தது. முதலில் கிழக்கிந்தியக் கம்பனி சென்னையிலிருந்து இந்தக் கரையோரத்தை நிருவகித்தது. 1798இல் பிரெட்ரிக் நோர்த் ஆளுநராக வந்தார். 1802 முதல் கரையோர இலங்கை பிரித்தானிய முடிக்குரிய குடியேற்ற நாடாயிற்று.

இந்தக் கடைசி வசனத்தைக் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனும் சிவகங்கை மருது சகோதரரும் பண்டாரவன்னியனின் சமகாலத்தவர். கட்டபொம்மன் 1799 ஒக்டோபரில் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். மருது சகோதரர் 1801 ஒக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அவர்கள் எதிர்த்தது வியாபாரக் கம்பனியை. 1803இல் பண்டாரவன்னியன் எதிர்த்தது இங்கிலாந்து முடியின் ஆட்சியை. இரண்டும் ஒரே துப்பாக்கிதான் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் பரீட்சையில் கம்பனி என்று எழுதினால் பிழை.

1803இன் தொடக்கத்தில் என்ன நடந்தது? ஆங்கிலேயர் கண்டிமீது படையெடுத்தனர். ஜெனரல் மக்டவலின் படை பெப்ரவரியில் கண்டிக்குள் நுழைந்தது. ஊர் வெறுமையாக இருந்தது. அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் காட்டுக்குள் போய்விட்டான். தங்களுக்கு ஏற்ற முத்துசாமி என்பவனை ஆங்கிலேயர் அரசனாக்கினர். பிறகு மழையும் காய்ச்சலும் வந்தன. படைவீரர் நோயிற் கிடந்தனர். பெரும் படை திரும்பிப் போக, மேஜர் டேவியின் கீழ் ஒரு சிறு படை எஞ்சியது. யூன் 24ஆம் திகதி கண்டியர் அதனைத் தாக்கினர். டேவி சரணடைந்து வெளியேறியபோது மகாவலி கங்கைக் கரையில் வட்டபுலுவவில் அந்தப் படை பெரும்பாலும் அழிக்கப்பட்டது. முத்துசாமியும் கொல்லப்பட்டான்.

இதன் விளைவைச் சிந்தியுங்கள். இலங்கையில் ஆங்கிலேயருக்கு அதுவரை கிடைக்காத அடி இது. ஓகஸ்ட் மாதத்தில் கண்டியர் கரையோரத்தின் பல இடங்களை ஒரே நேரத்தில் நெருக்கினர். ஆங்கிலேயர் எந்தப் பக்கம் படையை அனுப்புவது என்று தடுமாறிய நேரம் அது. அந்த நேரத்தில்தான் வன்னியில் பண்டாரவன்னியன் எழுந்தார். நுவரகலாவியக் கண்டியரின் துணையும் அவருக்கு இருந்தது. இதை மறைக்கவேண்டிய தேவை எதுவுமில்லை. தமிழ்த் தலைவன் ஒருவன் கண்டிச் சிங்களப் படையுடன் சேர்ந்து அந்நியனை எதிர்த்தான். கண்டியில் இருந்த அரசனோ தென்னிந்திய நாயக்கர் வம்சத்தவன். அந்தக் காலத்து அரசியலை இந்தக் காலத்துக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் எதுவும் விளங்காது.

1803 ஓகஸ்ட் 25

முல்லைத்தீவில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டை கடலோரத்தில் இருந்தது. ஆங்கிலேயர் அதனைத் தம் காவல் நிலையமாகவும் அரச இல்லமாகவும் வைத்திருந்தனர். அங்கிருந்த படைக்குத் தலைவர் வொன் டிறிபேர்க் என்னும் அதிகாரி. சில நூல்கள் அவரை லெப்டினன் என்கின்றன, சில கப்டன் என்கின்றன. பெயரில் உள்ள வொன் என்பது ஜேர்மன் குடும்பங்களுக்குரியது. ஆங்கிலேயக் கொடியின் கீழ் நின்றவர் எல்லோரும் ஆங்கிலேயர் அல்லர். சிப்பாய்களிற் பலர் இந்தியாவிலிருந்தும் மலாய் நாடுகளிலிருந்தும் வந்தவர்கள்.

ஓகஸ்ட் 25ஆம் திகதி பண்டாரவன்னியனின் படை முல்லைத்தீவைத் தாக்கியது. காவற்படை தாக்குப்பிடிக்கவில்லை. டிறிபேர்க்கும் அவருடைய ஆட்களும் கோட்டையை விட்டு வள்ளங்களில் ஏறிக் கடல்வழியே யாழ்ப்பாணம் போனார்கள்.

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். ஓகஸ்ட் மாத வன்னியை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குளங்கள் அடிமட்டத்தில் கிடக்கும். சேற்று நிலம் இறுகியிருக்கும். மாரியில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும் காட்டுவழியில் வண்டில்கூடப் போகும். காட்டிலிருந்து கடலோரத்துக்குப் பெருந்தொகை ஆட்களை நகர்த்த இதைவிட நல்ல காலம் இல்லை. அதே ஓகஸ்ட் சோளகம் வீசும் காலம். தெற்கிலிருந்து வரும் காற்றில் முல்லைத்தீவிலிருந்து வடக்கே பாய் விரிப்பவனுக்கும் அது நல்ல காலம்தான். நிலம் ஒருவனுக்கு உதவியது, காற்று மற்றவனுக்கு உதவியது. பண்டாரவன்னியனிடம் நிலம் இருந்தது, கடல் இருக்கவில்லை. பின்னால் வரப்போகும் தோல்விக்கு இதை நான் முதற் காரணமாகக் கருதுகிறேன். எதிரி தப்பிப்போகவும் திரும்பி வரவும் ஒரு வழி திறந்தே கிடந்தது.

வெற்றி முல்லைத்தீவோடு நிற்கவில்லை. வன்னியின் வடபகுதி முழுவதிலும் அவரது ஆட்கள் பரவினர். அவர்களது தாக்குதல் ஆனையிறவு வரை எட்டியதாக ஆங்கிலேய எழுத்தாளரே எழுதியிருக்கின்றனர். ஆனையிறவு யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாசல். அந்த வாசலடியில் எதிரி நிற்கிறான் என்ற செய்தி யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்த அதிகாரிகளை எப்படி நித்திரையில்லாமல் ஆக்கியிருக்கும் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

ஒரு கோட்டையைத் தாக்கித் திரும்பிப் போவது வேறு, கோட்டையிலிருந்த படையைத் துரத்தி நாட்டைக் கையில் வைத்திருப்பது வேறு. ஓகஸ்ட் 25இலிருந்து ஒக்டோபர் 31 வரை 67 நாட்கள். ஏறத்தாழ இரண்டு மாதமும் ஒரு கிழமையும். விடையில் இந்த எண்ணைச் சேர்த்தால் உங்கள் கட்டுரை மற்றவர்களுடையதிலிருந்து வேறாகத் தெரியும்.

மூன்று திசைப் படைகள்

ஆங்கிலேயருக்கு மூச்சு வந்தது செப்டெம்பர் மாதத்தில். அம்மாதத் தொடக்கத்தில் ஹங்வெல்லையில் கண்டி அரசனின் தாக்குதலை அவர்கள் முறியடித்தனர். கொழும்புக்கு இருந்த அச்சம் குறைந்ததும் வடக்கைக் கவனிக்க முடிந்தது.

யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் வன்னிக்குள் படைகள் அனுப்பப்பட்டன. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வன்னியின் வரைபடத்தை வரைந்து இந்த மூன்று இடங்களையும் குறியுங்கள். ஒன்று வடக்கு, ஒன்று மேற்கு, ஒன்று தென்கிழக்கு. மூன்றும் கடற்கரையில் உள்ள கோட்டைகள். கப்பல் மூலம் ஆள், மருந்து, சாப்பாடு எல்லாம் வந்து சேரும் இடங்கள். எஞ்சிய திசை தெற்கு, அதாவது கண்டிப் பக்கம் மட்டும்தான். நடுவே நின்றவருக்கு எந்தப் பக்கத்தைத் தடுப்பதென்று பிரச்சினை. மூன்று பக்கமும் ஆட்களைப் பிரித்து அனுப்பினால் எங்கும் பலமில்லை. ஒரே இடத்தில் நின்றால் மற்ற இரண்டு படைகளும் முதுகுப்புறமாக வந்துவிடும். வன்னி மக்கள் தொகை குறைந்த நாடு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இழந்த ஒவ்வொரு ஆளுக்கும் பதில் ஆள் தேடுவது கடினம்.

காலத்தையும் மறக்க வேண்டாம். ஒக்டோபர் கடைசி என்றால் மாரி வாசலில் நிற்கிறது. கார்த்திகை மழை தொடங்கிவிட்டால் பீரங்கி இழுக்கும் மாடு சேற்றில் புதையும். காய்ச்சல் படையைத் தின்னும். கண்டியில் என்ன நடந்ததென்பதை ஆங்கிலேயர் அவ்வாண்டே கண்டவர்கள். மழைக்கு முன்னர் முடித்துவிட வேண்டிய அவசரம் அவர்களுக்கு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இன்னும் மூன்று கிழமை தள்ளிப் போயிருந்தால் கதை வேறாகியிருக்கலாம். இது என் ஊகம். விடைத்தாளில் இதை நிகழ்ச்சியாக எழுதி விடாதீர்கள்.

1803 ஒக்டோபர் 31ஆம் திகதி ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடுவில் பண்டாரவன்னியனின் படை தாக்கப்பட்டுத் தோற்றது. தாக்கியவர் அதே வொன் டிறிபேர்க். ஓகஸ்டில் வள்ளமேறி ஓடியவர் ஒக்டோபரில் திரும்பி வந்து பழிதீர்த்தார். அவருடைய உத்தியோக வாழ்க்கையில் வேறு எதையும் இன்று யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. எதிராளியின் பெயரால்தான் அவர் பெயரும் பிழைத்துக் கிடக்கிறது.

அந்த நாளில் அவர் இறந்தாரா?

இது முக்கியமான பகுதி. கவனமாக வாசியுங்கள்.

ஒக்டோபர் 31 பண்டாரவன்னியன் இறந்த நாள் என்று பல இடங்களில் எழுதப்பட்டுள்ளது. நம் பிள்ளைகளும் அப்படியே எழுதுகிறார்கள். ஆனால் கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நட்ட நினைவுக்கல் சொல்லுவது என்ன? இந்த இடத்துக்கு அண்மையில் கப்டன் வொன் டிறிபேர்க், பண்டாரவன்னியனை இன்ன திகதியில் தோற்கடித்தார் என்ற பொருளில் மட்டுமே அதில் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. கொன்றார் என்று இல்லை. பிடித்தார் என்றும் இல்லை. எதிரித் தலைவனைக் கொன்றிருந்தால் அதைக் கல்லில் எழுதாமல் விடுவார்களா? கட்டபொம்மனைத் தூக்கிலிட்டபோது நாலுபேர் பார்க்கத் தூக்கிலிட்டவர்கள் அல்லவா அவர்கள்!

ஆகவே கற்சிலைமடுவில் அவர் தோற்றார், அங்கிருந்து தப்பினார் என்று கொள்வதே பொருத்தம். கண்டியரின் துணையுடன் அதன் பிறகும் அவர் வன்னிப் பக்கம் ஆங்கிலேயருக்குத் தொல்லை கொடுத்தார் என்றும், 1811ஆம் ஆண்டளவில் ஒரு சண்டையிற் காயமடைந்து இறந்தார் என்றும் எழுதும் வரலாற்றாசிரியர் உண்டு. அது சரியானால் என்ன ஆகிறது? தோல்விக்குப் பிறகு ஏறத்தாழ எட்டு வருடம் அவர் அடங்காமல் இருந்திருக்கிறார். ஒருநாட் சண்டையில் விழுந்துபட்ட வீரனைவிட, கோட்டையும் போய் நாடும் போய், எட்டு மாரியும் எட்டுக் கோடையும் காட்டில் கழித்து மீண்டும் மீண்டும் எழுந்து வந்தவன் எனக்குப் பெரியவனாகத் தெரிகிறான். நீங்கள் வேறுவிதமாக நினைக்கலாம்.

பரீட்சையில் எப்படி எழுதுவது? 1803 ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் தோற்கடிக்கப்பட்டார் என்று எழுதுங்கள். கொல்லப்பட்டார் என்ற சொல்லைத் தவிருங்கள். இறப்பைப் பற்றிக் கேட்டால் இரு கருத்துகளும் உள்ளன என்று ஒரு வசனத்தில் முடியுங்கள்.

கல் யாருடையது?

பண்டாரவன்னியனைப் பற்றி நாம் அறிந்தவற்றிற் பெரும்பகுதி அவரைத் தோற்கடித்தவர்கள் எழுதியது. எமேர்சன் ரெனன்ட் என்பவர் இலங்கைக் குடியேற்றச் செயலாளராக இருந்து 1859இல் இலங்கையைப் பற்றிப் பெரிய நூல் வெளியிட்டவர். ஜே. பி. லூயிஸ் என்ற சிவில் சேவை அதிகாரி 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றிய கைநூல் ஒன்றை எழுதினார். வன்னி வரலாறு எழுதுபவர் எவரும் லூயிஸைத் தொடாமல் போக முடியாது. அவர்கள் கலகம் என்று எழுதியதை நாம் எதிர்ப்பு என்று எழுதுகிறோம். திகதி மட்டும் மாறவில்லை, சொல் மாறியிருக்கிறது. எந்த வரலாற்று நூலை எடுத்தாலும் இப்படிச் சொற்களைக் கழற்றிப் பார்க்கப் பழகுங்கள்.

உலக வரலாற்றிலிருந்து ஒன்றை ஒப்பிட்டுச் சொல்லுகிறேன். அமெரிக்காவில் கஸ்டர் என்று ஒரு குதிரைப்படை அதிகாரி இருந்தார். 1839இல் பிறந்தவர். அந்நாட்டு உள்நாட்டுப் போரில் இளவயதிலேயே பெயர் பெற்றவர். பின்னர் ஏழாவது குதிரைப்படையுடன் மேற்குச் சமவெளிகளில் பூர்வீகக் குடிகளுக்கு எதிராகப் போரிட்டார். 1876 யூன் 25இல் லிட்டில் பிக்ஹோர்ன் ஆற்றங்கரையில் லக்கோட்டா, செயென் மக்கள் அவரையும் அவருடன் நேராக நின்ற பிரிவினர் முழுவதையும் கொன்றனர். வென்றவர்கள் பூர்வீகக் குடிகள். ஆனால் அந்தப் போர்க்களத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் தோற்ற கஸ்டரின் பெயர். 1991இல்தான் அதை மாற்றி ஆற்றின் பெயரை வைத்தார்கள். கற்சிலைமடுவில் வென்ற அதிகாரியின் பெயர் கல்லில் முதலாவதாக நின்றது. அமெரிக்காவில் தோற்ற அதிகாரியின் பெயரே முதலாவதாக நின்றது. வென்றாலும் தோற்றாலும் உளி அரசாங்கத்தின் கையில் இருந்தது.

ஆனால் ஒரு வேடிக்கை. வன்னி மக்கள் டிறிபேர்க்கின் கல்லை டிறிபேர்க்கின் கல்லாகப் பார்க்கவேயில்லை. பண்டாரவன்னியன் நடுகல் என்றே அதனைச் சொல்லி வந்தார்கள். எதிரி தன் வெற்றிக்கு நட்டதை ஊர்ச்சனம் தம் தலைவனுக்கு நட்டதாக எடுத்துக்கொண்டது.

நாடகமும் கதையும்

நாம் சிறுவயதில் கேட்ட பண்டாரவன்னியன் பெரும்பாலும் நாடகத்திலிருந்து வந்தவர். முள்ளியவளையைச் சேர்ந்த எழுத்தாளர் முல்லைமணி எழுதிய பண்டாரவன்னியன் நாடகம் வன்னியில் பெயர்பெற்றது. காக்கைவன்னியன் காட்டிக்கொடுத்தான் என்ற கதையும், தங்கையின் காதலை வைத்து எழுந்த பகையும் மேடையில் கண்டவர்கள் அவற்றை வரலாறாகவே நம்பினர். தமிழ்நாட்டில் மு. கருணாநிதி பாயும் புலி பண்டாரக வன்னியன் என்ற பெயரில் நாவல் எழுதினார். இவை இலக்கியம். தமிழ் இலக்கிய வினாவில் இவற்றைப் பற்றித் தாராளமாக எழுதலாம். வரலாற்று வினாவில் காக்கைவன்னியனைக் கொண்டுவந்தால், மரபுக்கதையின்படி என்ற இரண்டு சொல்லை முன்னே போடுங்கள்.

காட்டிக்கொடுப்பு இல்லாமல் நம்மவர் தோற்கமாட்டார்கள் என்ற எண்ணம் எங்கள் கதைகளில் அடிக்கடி வரும். கட்டபொம்மனுக்கு ஒரு எட்டப்பன், பண்டாரவன்னியனுக்கு ஒரு காக்கைவன்னியன். மூன்று கோட்டைகளிலிருந்து மூன்று படைகள் வந்ததும், கடல் எதிரியிடம் இருந்ததும், கண்டி அரசன் ஹங்வெல்லையில் பின்வாங்கியதும் ஒருவன் தோற்கப் போதுமான காரணங்கள்தாம். அவற்றை எழுதினால் புள்ளியும் கிடைக்கும்.

1982இல் இலங்கை அரசாங்கம் பண்டாரவன்னியனைத் தேசிய வீரர்களுள் ஒருவராக அறிவித்தது. வவுனியா நகரில் அவருடைய சிலை நிற்கிறது. ஒவ்வோர் ஆண்டும் நினைவு நாள் கொண்டாடும்போது எந்த நாளைக் கொண்டாடுவது என்று ஒரு பேச்சு எழும். சிலர் ஒக்டோபர் 31 என்பர், சிலர் ஓகஸ்ட் 25 என்பர். முதலாவது தோற்ற நாள், இரண்டாவது வென்ற நாள். இரண்டும் ஒரே ஆண்டு என்பதால் மாணவர்கள் குழம்புகிறார்கள். நினைவில் வைக்க ஒரு வழி சொல்லுகிறேன். கோடையில் கோட்டை பிடித்தார், மாரி வருமுன் களம் இழந்தார்.

பயிற்சி வினாக்கள்

1. வன்னியன்மார் ஒல்லாந்தருக்குச் செலுத்திய திறை எது? அது குடாநாட்டுக்குள் கொண்டு செல்லப்பட்ட வழியைக் குறிப்பிடுக.

2. 1803 ஓகஸ்டில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவைத் தாக்குவதற்குக் கண்டியில் நடந்த நிகழ்ச்சிகள் எவ்வகையிற் சாதகமாக இருந்தன என்பதை விளக்குக. (மேஜர் டேவியை மறக்க வேண்டாம்.)

3. ஆங்கிலேயப் படைகள் வன்னிக்குள் புறப்பட்ட மூன்று இடங்களையும் வரைபடத்திற் குறித்து, அத்தகைய தாக்குதலை எதிர்கொள்வதில் பண்டாரவன்னியனுக்கு இருந்த இடர்ப்பாடுகள் இரண்டினைத் தருக.

4. கற்சிலைமடு நினைவுக்கல்லை ஒரு வரலாற்று மூலாதாரமாகக் கொண்டால், அது எதனைச் சொல்கிறது, எதனைச் சொல்லவில்லை என்பதை ஆராய்க. இந்த வினாவுக்கு ஒரு பக்கத்துக்குக் குறையாமல் எழுதிப் பாருங்கள். எழுதியபின் கொல்லப்பட்டார் என்ற சொல் எங்காவது வந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.